‘நான்தான் கொன்றேன்’ என்று ஒப்புக்கொண்டால் வழக்கு முடிந்ததா? க்ரைம் நாவல் சொல்லாத கொலை விசாரணை

க்ரைம் நாவலின் கடைசி அத்தியாயத்தில் கொலையாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான். நிஜத்தில், போலீஸாரிடம் அவன் சொல்லும் அந்த வாக்குமூலத்துக்கு கோர்ட்டில் மதிப்பு கிடையாது. அப்படியானால் ராஜபாளையத்தில் பதிவாகும் ஒரு கொலை வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் செஷன்ஸ் கோர்ட்டில் எதை வைத்து நிற்கிறது?

மதுரையிலிருந்து செங்கோட்டை பஸ் ஏறியவர்களுக்கு 80, 90-களில் வழித்துணை பாக்கெட் நாவல்தான். ராஜேஷ்குமாரின் விவேக் - ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி, சுஜாதாவின் கணேஷ் - வசந்த் என யாராவது ஒரு ஜோடி கூடவே வரும். திருமங்கலத்தில் பிணம் விழுந்தால், ராஜபாளையம் வருவதற்குள் கொலையாளி சிக்கிவிடுவான். இன்று அந்த இடத்தை செல்போன் பிடித்துக்கொண்டது. ‘ராட்சசன்’, ‘போர் தொழில்’, ‘சுழல்’ என்று கதைகளும் மாறிவிட்டன. ஆனால், ஒன்று மட்டும் மாறவில்லை. கொலையாளி யார் என்று தெரிந்த நிமிஷத்தில் கதை முடிந்துவிடும்.

நிஜ வழக்கு அந்த நிமிஷத்தில்தான் சூடுபிடிக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் தலைநகரம் விருதுநகர் என்றாலும், முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தில் நடக்கும் கொலைக்கு சுமார் 12 கி.மீ. தள்ளி இங்கேதான் விசாரணை நடக்கும். அந்தத் தூரத்தை டவுன் பஸ் அரை மணி நேரத்தில் கடந்துவிடும். வழக்குக் கட்டு கடக்க வருஷக்கணக்கில் ஆகும்.

துப்பறிவாளர் எங்கே?

முதல் ஏமாற்றம் இதுதான். ‘ஹோமிசைட் டிடெக்டிவ்’ என்று தனியாக ஒருவர் நம் ஊர் ஸ்டேஷன்களில் கிடையாது. கொலை நடந்த எல்லைக்கு உட்பட்ட காவல் நிலையத்தின் இன்ஸ்பெக்டர்தான் விசாரணை அதிகாரி. ஸ்டேஷனில் அவரை ‘ஐ.ஓ.’ என்பார்கள். தனியார் துப்பறிவாளருக்குக் கொலையை விசாரிக்கும் அதிகாரம் எதுவும் இல்லை. அந்த நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007-ல் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவே ஆகவில்லை. விவேக்கும் பரத்தும் இங்கே வந்தால், போலீஸ் கட்டிய கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நிற்க வேண்டியதுதான்.

அந்த இன்ஸ்பெக்டருக்கு கொலை வழக்கு மட்டுமே வேலையா என்றால், அதுவும் இல்லை. ஆடி மாசம் வந்தால் ஆண்டாள் கோயில் தேரோட்ட பந்தோபஸ்து. ஆடி அமாவாசைக்கு சதுரகிரி மலையடிவாரத்தில் லட்சக்கணக்கில் கூடும் கூட்டம். இந்தப் பக்கம் பட்டாசு ஆலை விபத்து என்றால் உடனே ஓட வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில்தான் கேஸ் டைரி எழுத வேண்டும். ‘குற்றவாளிகளைப் பிடிக்க 3 தனிப்படைகள் அமைப்பு’ என்று செய்தியில் வருகிறதே, அந்தத் தனிப்படை என்பது பெரும்பாலும் பக்கத்து ஸ்டேஷன்களிலிருந்து தற்காலிகமாக எடுத்த சில எஸ்.ஐ.க்களும் ஏட்டுகளும்தான். பந்தோபஸ்து வந்தால் அவர்களும் கலைந்துவிடுவார்கள்.

மண்ணில் ஆரம்பிக்கும் வழக்கு

ராஜபாளையத்தை ஒட்டிய ஒரு கண்மாய்க் கரையில், மில் ஷிஃப்ட் முடிந்து வந்த ஒருவர் வெட்டுப்பட்டுக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் அடுத்து நடப்பது எல்லா வழக்கிலும் நடப்பது.

யாராவது ஸ்டேஷனில் புகார் கொடுப்பார்கள். எஃப்.ஐ.ஆர். பதிவாகும். கொலை வழக்கின் எஃப்.ஐ.ஆர். ‘எக்ஸ்பிரஸ்’, ஒரு போலீஸ்காரர் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் ஓட வேண்டும், ராத்திரியாக இருந்தாலும். மாஜிஸ்திரேட் அதில் எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். நாவலில் வராத இந்த ஒரு வரி, கோர்ட்டில் பல வழக்குகளின் தலையெழுத்தையே மாற்றியிருக்கிறது. இரவு 9 மணிக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். மறுநாள் மதியம்தான் மாஜிஸ்திரேட்டிடம் போனது என்றால், எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி அதுதான்: நடுவில் இருந்த நேரத்தில் உட்கார்ந்து யோசித்து யார் யார் பெயரைச் சேர்த்தீர்கள்?

அடுத்தது சம்பவ இடம். பார்வை மகஜர், ஒரு மாதிரி வரைபடம். அப்புறம் ரத்தம் படிந்த மண் ஒரு டப்பாவில், பக்கத்திலேயே ரத்தம் படியாத மண் இன்னொரு டப்பாவில். இரண்டாவது எதற்கு என்று கேட்கலாம். ஆய்வகத்தில் இரண்டையும் ஒப்பிட்டால்தான், ரத்தம் சிந்தியது அந்த இடத்தில்தான் என்று சொல்ல முடியும். இவை போக ஊர்ப் பெரியவர்கள் சிலரை வைத்துப் பிரேத விசாரணை. ஒவ்வொன்றிலும் சாட்சிக் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துக்காரர்தான் பல வருஷம் கழித்துக் கூண்டில் நின்று, “ஸ்டேஷனில் வைத்து வெத்துப் பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள்” என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்குப் பெயர் பிறழ் சாட்சி.

மோப்ப நாயும் வரும். தமிழ் நாளிதழ் வாசகர்களுக்கு மனப்பாடமான வாக்கியம் ஒன்று உண்டு: நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. ஓடிப் பிடித்திருந்தாலும் அதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது, நாயைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லையே. அது காட்டும் திசை விசாரணைக்கு உதவும், அவ்வளவுதான். (ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கும் ராஜபாளையம் நாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய் வகை. 2005-ல் தபால் தலையில் இடம்பிடித்த பெருமை அதற்குப் போதும்.)

பிரேதப் பரிசோதனை பெரும்பாலும் அரசு மருத்துவமனையில் பணியில் இருக்கும் டாக்டர் செய்வது. நாவலில் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே இரவு பத்தே கால் மணிக்கு உயிர் போனது என்பார். நிஜ அறிக்கையில் இருப்பது, பரிசோதனைக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன்பு மரணம் நிகழ்ந்திருக்கலாம் என்பது போன்ற ஒரு அகலமான கணக்கு. நம் ஊர் வெயிலில் உடல் வேகமாக அழுகும். வயிற்றில் செரிக்காத உணவு, உடல் விறைப்பு எல்லாம் ஒரு குத்துமதிப்பைத்தான் தரும். ரத்தமும் உறுப்பு மாதிரிகளும் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். 1849-ல் சென்னையில் ரசாயனப் பரிசோதகர் அலுவலகமாகத் தொடங்கிய துறை அது, இந்தத் துறையில் நாட்டுக்கே முன்னோடி. வயது எவ்வளவு என்றாலும், வரிசையில்தான் நிற்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்கிறது. இதை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. சோதனை, கைப்பற்றுதலை வீடியோ எடுப்பதும் இப்போது கட்டாயம். வெத்துப் பேப்பர் கையெழுத்துப் பிரச்சினைக்கு இது எவ்வளவு மருந்தாகும் என்பது இனிமேல் வரப்போகும் தீர்ப்புகளில் தெரியும்.

‘யார்’ என்பது பெரிய கேள்வி இல்லை

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதில் 9,962 வழக்குகளுக்குக் காரணம் தகராறு. 3,761 வழக்குகளில் முன்விரோதம். லாபத்துக்காக நடந்தவை 1,884. அதாவது சொத்துத் தகராறு, குடும்பத் தகராறு, வாய்ச் சண்டை என்று செத்தவருக்கும் கொன்றவருக்கும் ஏற்கெனவே தெரிந்த கதைகளே அதிகம். இத்தகைய வழக்குகளில் யார் செய்தது என்பது அன்று சாயங்காலமே தெருவுக்குத் தெரிந்திருக்கும். சில சமயம் சம்பந்தப்பட்டவர்களே வேறு ஏதோ ஒரு ஊர் கோர்ட்டில் போய் ‘சரண்டர்’ ஆகிவிடுவார்கள்.

தெருவுக்குத் தெரிந்ததைத் தெருவே கோர்ட்டில் சொல்லுமா என்பதுதான் ஐ.ஓ.வின் தலைவலி. நேரில் பார்த்தவர் அதே தெருவில் குடியிருக்கிறார், கொன்றவரின் மச்சானும் அங்கேயேதான் இருக்கிறார். இதற்கிடையே கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். கைதானவரை நீதிமன்றக் காவலுக்கு அனுப்பி 90 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், அவருக்கு ஜாமீன் உரிமையாகவே கிடைத்துவிடும்.

நேரில் பார்த்த சாட்சி இல்லை என்றால் இன்னும் சிக்கல். சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால், சங்கிலியின் ஒரு கண்ணிகூட விட்டுப்போகக் கூடாது, அந்தச் சங்கிலி அவரைத் தவிர வேறு யாரையும் காட்டக் கூடாது என்று சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-ல் சொன்னது. ஸ்ரீவில்லிபுத்தூர் உட்பட எந்த செஷன்ஸ் கோர்ட்டிலும் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுக்கும் தீர்ப்பு அது.

ஒப்புதல் வாக்குமூலம் ஏன் செல்லாது?

இப்போது அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு வருவோம். கதையில் இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டுகிறார், ரெண்டு அறை விடுகிறார், குற்றவாளி உடைந்துபோய்க் கக்கிவிடுகிறான். தியேட்டரில் விசில். நிஜத்தில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவில் இருந்த இந்தத் தடை, இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23-வது பிரிவாகத் தொடர்கிறது.

இந்தத் தடைக்குப் பின்னால் தமிழ்நாட்டுக்கு நெருக்கமான ஒரு வரலாறு இருக்கிறது. மதராஸ் மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்கள் சித்திரவதை செய்யப்படுவதாகப் புகார்கள் குவிய, கம்பெனி ஆட்சி ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 1855-ல் வந்த அதன் அறிக்கை, சித்திரவதை பரவலாக நடப்பதை ஒப்புக்கொண்டது. வெயிலில் நிறுத்துவது, குனியவைத்துக் கட்டிப்போடுவது என்று முறைகளைக்கூட விவரித்தது. அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1861-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்ற விதி இடம்பெற்றது. போலீஸ் அடிக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது. அதனால் அடித்து வாங்கியதற்குப் பயனில்லாமல் செய்தார்கள்.

ஆனால், ஒரு ஜன்னல் திறந்தே இருக்கிறது. கைதானவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். பழைய சட்டத்தில் இது 27-வது பிரிவு. “அவனை நான்தான் அரிவாளால் வெட்டினேன். அரிவாளைக் கண்மாய்க் கரை முள்ளுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், கூட வந்தால் எடுத்துத் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னதாக வைத்துக்கொண்டால், முதல் வாக்கியத்தை கோர்ட் அடித்துவிடும். இரண்டாவது மட்டும் நிற்கும். அன்றைய மதராஸ் மாகாணத்து குண்டூர்ப் பகுதியிலிருந்து போன புலுகுரி கோட்டையா வழக்கில், சுதந்திரத்துக்குச் சற்று முன் லண்டன் பிரிவி கவுன்சில் வகுத்த இந்தக் கோட்டைத்தான் இன்றும் நீதிமன்றங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

தமிழ்நாட்டில் இந்தக் காட்சியில் தவறாமல் வரும் ஒரு பாத்திரம் வி.ஏ.ஓ. வாக்குமூலம் எழுதும்போதும் அரிவாள் எடுக்கும்போதும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சியாக இருப்பார்கள். சில வழக்குகளில், குற்றவாளி நேராக வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கே வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாக இருக்கும். முன்பின் தெரியாத ஒரு அதிகாரியைத் தேடிப் போய் ஒருவர் ஏன் கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கோர்ட் கேட்கும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அது பலவீனமான சாட்சியம்தான். தமிழ்க் க்ரைம் கதைகளில் வி.ஏ.ஓ. ஏன் வருவதே இல்லை என்பது நியாயமான கேள்வி. ஒரு நாவலுக்கான விஷயம் அந்த நாற்காலியில் இருக்கிறது.

குற்றவாளி உண்மையிலேயே ஒப்புக்கொள்ள விரும்பினால், மாஜிஸ்திரேட் முன்பு சொல்லலாம். சொல்லும் முன், ‘நீ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும்’ என்று எச்சரித்து, யோசிக்க நேரமும் கொடுத்துத்தான் பதிவு செய்வார். நார்கோ சோதனையும் சினிமா மாதிரி இல்லை. சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று செல்வி எதிர் கர்நாடகா வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

இத்தனை தடைகள் இருந்தும் அடி நிற்கவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் வியாபாரி ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு, அடுத்தடுத்து உயிரிழந்தனர். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், நகைத் திருட்டுப் புகார் விசாரணையில் அடித்துக் கொல்லப்பட்டார். இரண்டு வழக்குகளும் சி.பி.ஐ.க்குப் போயின. இரண்டுமே கொலை விசாரணையாகத் தொடங்கவில்லை. அடித்தால் உண்மை வரும் என்ற நம்பிக்கையில், அவையே கொலை வழக்காக முடிந்தன. அந்த நம்பிக்கைக்குத் திரையில் விழும் கைத்தட்டலைப் பற்றி எழுத்தாளர்களும் இயக்குநர்களும் பேச வேண்டியிருக்கிறது.

அடி இல்லாமல் நிரூபித்த ஒரு வழக்கு

2015 ஜூன் 23. பொறியியல் பட்டதாரியான கோகுல்ராஜ், தோழியுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போகிறார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடக்கிறது. தற்கொலைக் கடிதமும் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஃபைலை மூடிவிடக்கூடிய சம்பவம்.

பிரேதப் பரிசோதனை அது கொலை என்று காட்டியது. ஆனால் கொலையை நேரில் பார்த்த சாட்சி யாரும் இல்லை. வழக்கை விசாரித்த டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். முக்கிய சாட்சியே பின்னர் பிறழ்ந்தார். மிச்சம் இருந்ததில் பெரிய பலம், கோயிலின் சிசிடிவி பதிவு. அதிலும் சும்மா வீடியோ இருந்தால் போதாது. எந்தக் கருவியிலிருந்து, யார், எப்படி நகல் எடுத்தார்கள் என்ற சான்றிதழ் இல்லாவிட்டால் அந்தப் பதிவு செல்லாது. பழைய சட்டத்தில் 65பி, இப்போது 63-வது பிரிவு. சினிமாவில் ‘ஜூம் பண்ணு’ என்று ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம், கோர்ட்டில் நாள்கணக்கில் வாதமாகும்.

நாமக்கல்லில் தொடங்கிய விசாரணை மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் 10 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில், 2023 ஜனவரியில் உயர் நீதிமன்ற நீதிபதிகளே கோயிலுக்கு நேரில் போய், கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தார்கள். பூதக்கண்ணாடியோடு சம்பவ இடத்துக்குப் போகும் துப்பறிவாளர் காட்சிக்கு நிஜத்தில் கிடைத்த நெருங்கிய உதாரணம் இதுவாகத்தான் இருக்கும். ஜூனில் தண்டனை பெரும்பாலும் உறுதியானது. கொலைக்கும் அதற்கும் நடுவே எட்டு வருஷம்.

எல்லா வழக்குக்கும் இந்த முடிவு கிடைப்பதில்லை. 2012 மார்ச் 29 அன்று திருச்சியில் நடைப்பயிற்சிக்குப் போன தொழிலதிபர் ராமஜெயம் கொல்லப்பட்டார். அரசியல்வாதி கே.என்.நேருவின் தம்பி. செல்வாக்குக்கோ ஆள்பலத்துக்கோ குறைவில்லை. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, சி.பி.ஐ. விசாரித்தது, சிறப்புப் புலனாய்வுக் குழு வந்தது. 2023-ல் பலருக்கு உண்மை கண்டறியும் சோதனையும் நடந்தது. பத்து வருஷம் தாண்டியும் கொலையாளி யார் என்ற கேள்வி அப்படியே நின்றது.

‘தீரன் அதிகாரம் ஒன்று’ படத்துக்கு அடிப்படையான பவாரியா வழக்கு இன்னொரு ரகம். படத்தில் நினைவில் நிற்பது பஸ் மேல் நடக்கும் சண்டை. நிஜத்தில் போலீஸாரைக் கொள்ளையர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது கைரேகை ஒப்பீடு, மாநிலம் மாநிலமாக அலைந்து பார்த்த பொறுமையான வேலை. கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் கொல்லப்பட்டது 2005 ஜனவரியில். அந்த வழக்கில் விசாரணை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2025 நவம்பரில்.

கதை நிஜத்தைத் தொட்ட இடம்

க்ரைம் எழுத்தாளர்கள் எல்லாவற்றையும் தப்பாகச் சொல்கிறார்கள் என்றால் அது அநியாயம். சுஜாதா தன் நாயகர்களை போலீஸாகவோ துப்பறிவாளராகவோ ஆக்காமல் வக்கீல்களாக ஆக்கியது இன்று யோசித்தால் ரொம்பக் கெட்டிக்காரத்தனம். வக்கீலுக்குத்தான் எஃப்.ஐ.ஆர். நேரமும் மகஜர் கையெழுத்தும் கண்ணில் படும். தேவனின் துப்பறியும் சாம்பு குருட்டு அதிர்ஷ்டத்தில் கேஸைப் பிடிப்பதும் வெறும் நகைச்சுவை இல்லை. 1952-ல் சென்னையைக் கலக்கிய ஆளவந்தார் வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். போட் மெயிலில் கேட்பாரற்றுக் கிடந்த டிரங்குப் பெட்டியிலிருந்து நாற்றம் வருவதாக சக பயணிகள் சொல்ல, மானாமதுரையில் அதைத் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத உடல். அந்தப் பெட்டி இன்னும் கொஞ்ச நேரம் நாறாமல் இருந்திருந்தால் கதை எங்கெங்கோ போயிருக்கும்.

அதற்குப் பிறகு அதிர்ஷ்டத்துக்கு வேலை இருக்கவில்லை. சென்னையில் பதிவான ‘காணவில்லை’ புகார், ராயபுரம் கடற்கரையில் கிடைத்த தலை, தலையும் உடலும் ஒரே ஆளுடையவை என்று நிறுவிய மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சி.பி.கோபாலகிருஷ்ணனின் பரிசோதனை என்று ஒவ்வொரு கண்ணியாகக் கோர்த்தார்கள். தீர்ப்பு சொன்ன நீதிபதி ஏ.எஸ்.பஞ்சாபகேச ஐயர் தானும் கதை எழுதுபவர். முதல் குற்றவாளிக்கு அவர் கொடுத்தது ஏழு வருஷம், மனைவிக்கு மூன்று. தூக்கை எதிர்பார்த்த ஊருக்கு அது சப்பென்று இருந்திருக்கும்.

ராஜபாளையம் கண்மாய்க் கரைக் கற்பனை வழக்கில், குற்றப்பத்திரிகை மாஜிஸ்திரேட்டிடமிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்து, சாட்சி விசாரணை தொடங்கும்போது ஐ.ஓ. அங்கே இருக்க மாட்டார். வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகியிருப்பார், அல்லது ஓய்வே பெற்றிருப்பார். சம்மன் போகும், பஸ் பிடித்து வருவார். அவர்தான் பெரும்பாலும் கடைசி சாட்சி. கூண்டில் ஏறியதும் கேஸ் டைரியைப் புரட்டிக்கொண்டு நிற்பார். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது அரிவாளைப் பற்றி இருக்காது. அந்த எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட்டிடம் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் கேட்பார்.